விரால் மட்டும் சாகவில்லை

அத்தியாயம் 6

செத்த மீன்களைப் பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். பேப்பரில் படம் வந்துவிட்டது. ஒரு ஆள் உள்ளே போய்விட்டான். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, புதுவாயல் கூட்ரோட்டில், அலுமினியத் தட்டில் துள்ளிக்கொண்டிருந்த ஒரு மீனைப் பார்த்து, ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள் சுகிர்தா.

குணா ஓரம் கட்டினான்.

"இன்னும் நாஷ்டாவே ஆவல மேடம். அதுக்குள்ள மீன் கொழம்பா?"

"அது விரால்."

"தெரியுது. மீசை வெச்சிக்கினு இருந்தா கெளுத்தி. மொறைச்சிக்கினு இருந்தா விரால்."

சுகிர்தாவுக்கு நாற்பத்து நான்கு வயது. சிப்காட்டில் ஒரு கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். ஒருநாள் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. இப்போது செல்போன் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் என்று ஒரு போர்டு வைத்திருக்கிறாள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணை. இல்லாவிட்டால், காய்ச்சல் என்று லீவு போட்டவன் மச்சான் கல்யாணத்தில் ஆடுவதைப் போட்டோ எடுத்துக் கொடுக்கும் வேலை. குணா அவளுடைய டிரைவர், உதவியாளர், வாய்.

இந்த வாரம் வேறு மாதிரி கேஸ். திங்கட்கிழமை விடிகாலை நாவல்தாங்கல் ஏரியில் இரண்டு டன் மீன் செத்து மிதந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஏரிக்கரையில் ஒரு டேங்கர் லாரி நின்றதை ஊரே பார்த்திருந்தது. அதன் ஹோஸ் குழாய் ஏரிக்குள் கிடந்தது. ஆலைக் கழிவு ஏற்றுகிற டேங்கர். ஊர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தது. டிரைவர் சாம்சனைப் போலீஸ் தூக்கியது. வண்டி கழுவத் தண்ணீர் எடுத்தேன் என்றான் அவன். குழாய் தண்ணீரை உறிஞ்சியதா, கொட்டியதா என்று கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொன்னார்கள்.

நாளைக் காலை பொன்னேரி கோர்ட்டில் ஜாமீன் மனு. கிடைக்காவிட்டால் அவனுக்கு வேலை போகும். மற்ற எல்லாமும் அதன் பின்னால் போகும். அவன் மனைவி ஏஞ்சலின் நேற்று மாடியேறி வந்து, அழாமல், ஒரு சின்னச் சீட்டை மேஜையில் வைத்தாள். சீட்டின் பின்பக்கம் வக்கீல் நம்பரை எழுதியிருந்தாள். சுகிர்தா அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மீன்காரி கெங்கம்மாள் தட்டை முன்னால் தள்ளினாள்.

"எடுத்துக்க பாப்பா. காத்தால புடிச்சது."

"எந்த ஏரி?"

"நாவல்தாங்கல் தான். வெஷ மீனுன்னு பயந்துக்காத. துள்ளுது பாரு."

"அங்கதான் எல்லாம் செத்துப்போச்சே?"

"கட்லா செத்துச்சி. ரோகு செத்துச்சி. கெண்ட மொத்தமும் போச்சி. விராலுக்கு இன்னா கேடு? சேத்துல கெடக்கும், மேல வந்து ஒரு வாய் காத்து குடிக்கும், திரும்பிப் போவும். தேளியும் அப்டித்தான். அதுங்க ரெண்டுந்தான் மிச்சம்."

"எத்தினி இருக்கு?"

"வல போட்டா வருது. நேத்து இருவது கெடச்சிச்சி."

கெங்கம்மாள் தலைக்கு மேல் வலை காய்ந்துகொண்டிருந்தது. பச்சை வலை.

"பச்சை நைலான் இப்ப எங்க கெடைக்குது?" என்றாள் சுகிர்தா.

"பச்சையா? வெள்ள வலம்மா அது. பத்து பன்னெண்டு நாளா இப்டித்தான் வருது. தொவச்சி தொவச்சி என் கை தேஞ்சிப் போச்சி. ஏரித் தண்ணி கீரக் கடைசல் கணக்கா ஆயிப்போச்சி."

"மீன் சாகறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே தான். சாவு நேத்து முந்தாநாளு. இது அதுக்கும் முந்தி."

சுகிர்தா விராலை வாங்கவில்லை. கெங்கம்மாளின் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். கெங்கம்மாள் அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். அது குணாவைப் பார்த்துச் சொன்னது. குணா அதற்குச் சிரித்தான்.

ஆட்டோ நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் சுகிர்தா பேசினாள்.

"குணா, விஷம் ஆள் பாத்துக் கொல்லுமா?"

"எங்க ஊர்ல பாக்கும்."

"ஏரில பாக்காது. டேங்கர்ல இருந்து கழிவு கொட்டியிருந்தா விராலும் போயிருக்கணும், தேளியும் போயிருக்கணும். மேல வந்து காத்து குடிக்கத் தெரிஞ்சது மட்டும் பொழச்சிருக்கு. அப்போ ஏரில இருந்தது விஷம் இல்ல. இல்லாமப் போனது மூச்சு."

"அந்த மூச்ச எவன் திருடினான்?"

"பாசி. பகல்ல வெயில் இருக்கற வரைக்கும் தண்ணிக்கு மூச்சு குடுக்கும். இருட்டினா குடுத்ததைத் திரும்ப இழுத்துக்கும். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் மேகம். குடுக்கறது நின்னுபோச்சு. இழுக்கறது நிக்கல."

"என் மச்சான் மாறி."

"கீரைக் கடைசல் மாதிரி ஆகற அளவுக்குப் பாசி தானா வளராது. யாரோ சோறு போட்டிருக்காங்க. அவங்களைத்தான் தேடறோம்."

"மீனக் கொன்னவன வுட்டுட்டு, பாசிக்குச் சோறு போட்டவனத் தேடறோம். பேஜாரு கேஸ் மேடம் இது."

நாவல்தாங்கல் ஏரியில் ஜூன் மாதத் தண்ணீர்தான் இருந்தது. இடுப்பளவு. செத்ததை ஜே.சி.பி. வைத்துக் கரையில் புதைத்து, மேலே பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அதையும் மீறி நாறியது. தண்ணீர் ஓரத்தில் பச்சைப் பெயின்ட் காய்ந்தது மாதிரி ஒரு கோடு. கிழக்கே சிப்காட் புகைக்கூண்டுகள். இந்த ஊரில் எது செத்தாலும் எல்லோரும் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பல சமயம் அது சரியாகவும் இருக்கும்.

சுகிர்தா மேற்கே பார்த்தாள். அந்தப் பக்கம் மேடு. மேட்டில் போர் தண்ணீரில் சொர்ணவாரிப் பருவத்து நெல். அங்கிருந்து சரிவாக ஒரு வரத்துக் கால்வாய் ஏரிக்கு இறங்கியது. மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வரும்.

குணா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

"பயிர் எப்படி இருக்கு?" என்றாள்.

"சூப்பரா கீது. கறுப்பா கீது."

"நெல்லு கறுப்பா இருக்கணுமா?"

"பச்சையா இருக்கணும். இது ஓவர் பச்சை. ஜிம்முக்குப் போய் ஊசி போட்டுக்கினவன் கணக்கா."

அவள் வரப்பில் நின்றாள். ஓர் இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்கு வரப்பின் மண் நிறம் வேறாக இருந்தது. பழைய வரப்பில் புல் முழங்கால் உயரம். அந்த இரண்டடியில் மட்டும் இளம்புல், இரண்டு விரல் உயரம். அடுத்த வயலுக்கு நடந்தாள். அங்கேயும் இரண்டடி. கால்வாயை ஒட்டிப் பதினோரு வயல்கள். பதினோரு இடத்தில் வெட்டி, திரும்ப மூடிய வரப்பு. எல்லா வெட்டும் கால்வாய்ப் பக்கமே.

"புல்லு எத்தனை நாள்ல இவ்வளவு வளரும்?"

"ரெண்டரை வாரம். மூணு வாரம்." குணா பதினோரு வெட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "கொலகாரன் ஒருத்தன்னு நெனச்சேன். கிரிக்கெட் டீமே கீதே மேடம்."

முதல் வயல் பச்சையப்பனுடையது. போலீஸில் புகார் கொடுத்ததும் அதே பச்சையப்பன்தான். ஏரி மீன் ஊருக்குப் பொது. அதில் வருவதை வைத்துத்தான் ஆடி மாதம் கோயில் கூழ் ஊற்றுவார்கள். அவர்தான் முன்னால் நின்று செய்வார்.

வீட்டு முன்னால் முள்வேலி. வேலி முழுக்கத் துவைத்த யூரியா சாக்குகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மகள் காயத்ரி வாசலில் உட்கார்ந்து, சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அறுவடைக்குக் களத்தில் விரிக்கும் படுதா.

குணா வேலியைப் பார்த்து உதடசைத்து எண்ணினான். இருபத்தாறு.

பச்சையப்பனுக்கு அறுபது தாண்டியிருக்கும். நாற்காலி போட்டார். மோர் கொடுக்கச் சொன்னார். டேங்கர்காரன் தரப்பு ஆள் என்று சுகிர்தா சொன்ன பிறகும் மோர் வந்தது.

"கேளும்மா. மறைக்கறதுக்கு என்கிட்ட இன்னா கீது?"

"உரம் எப்ப போட்டீங்க?"

"மீனப் பத்திக் கேக்க வந்துட்டு உரத்தக் கேக்குற."

"ரெண்டும் ஒரே கேள்விதான் ஐயா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து போய், சுவரில் காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து வந்தார்.

"கூட்டுறவு சொசைட்டி மெஷின்ல ரேகை வெச்சி, ஆதார் குடுத்து வாங்கினது. ரெண்டு மூட்ட. பாத்துக்க. திருட்டுத்தனம் இல்ல."

பஸ் டிக்கெட்டை விடக் கொஞ்சம் அகலமான, வழவழப்பான சீட்டு. மேலே தேதி. ஜூன் நான்கு, வியாழக்கிழமை. கீழே பெயர், மூட்டை எண்ணிக்கை. சுகிர்தா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முன்பக்கம் பார்த்துவிட்டுப் பின்பக்கமும் பார்த்தாள்.

"சீட்டுல ரெண்டு. வேலியில இருபத்தாறு."

"ஒரு ரேகைக்கு அளவாத்தான் குடுப்பான். எட்டு ஏக்கருக்கு அது எப்டிப் பத்தும்? மிச்சம் காலனி ஆளுங்க பேர்ல வாங்கினது."

"அவங்களுக்கு நிலம் இருக்கா?"

"அவங்களுக்கு இன்னா நெலம்? எல்லாம் கம்பெனிக்குப் போறவங்க. சும்மா கெடக்குற ரேகை. ட்ராக்டர்ல கூட்டினு போனோம். ஒரு ரேகைக்கு ஒரு பிரியாணி. எல்லா ஊர்லயும் நடக்கறது தாம்மா."

"வாங்கின உரத்தை எத்தனை தவணையாப் போட்டீங்க?"

"தவண வெச்சிப் போடத்தான் ஆச. ரெண்டு மாசமா மூட்டயே இல்ல. இனிமே எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? அதான் வந்தன்னிக்கே மொத்தமும் வீசிட்டோம். யூரியா, டி.ஏ.பி., எல்லாம். நான் வீசினத பாத்துப் பக்கத்து வயல்காரன் வீசினான். அவன் பயிர் கறுத்து, என் பயிர் வெளுத்துக் கெடக்க முடியுமா?"

"வயல்ல தண்ணி நின்னுதா?"

"நின்னுது."

"தண்ணியை வடிச்சிட்டுத்தானே போடணும்?"

"வடிச்சா திரும்பப் பாய்ச்ச கரண்டு எவன் குடுப்பான்?" பச்சையப்பன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னிக்கு சாயங்காலமே மழ. கொட்டு கொட்டுன்னு கொட்டிச்சி. பிஞ்சுப் பயிரு முழுகிடும்னு வரப்ப வெட்டி வுட்டோம்."

"எங்க விட்டீங்க?"

"எங்க வுடுவாங்க? பள்ளத்துக்குத்தான்..."

அவர் நிறுத்தினார். காயத்ரியின் ஊசி மட்டும் சாக்கில் ஏறி இறங்கியது.

"நான் வுட்டது யூரியாம்மா," என்றார் கடைசியில். குரல் தணிந்திருந்தது. "வெஷமில்ல. பயிருக்கு அது சோறு."

"சோறுதான் ஐயா. பாதிதான் பயிருக்குப் போச்சு. மிச்சத்தை ஏரிக்குப் போட்டுட்டீங்க. பாசி சாப்பிட்டுது. பதினெட்டு நாள் சாப்பிட்டுது. சாம்சன் வந்து குழாய் போட்டது பதினேழாவது நாள் சாயங்காலம்."

பச்சையப்பன் வேலியைப் பார்த்தார். சாக்குகள் காற்றில் ஆடின. பிறகு திரும்பியபோது முகம் மாறியிருந்தது. கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

"கோர்ட்டுக்கு வந்து இத்த நான் சொல்ல மாட்டேன்."

"தெரியும்."

"பதினோரு ஊட்டுக்காரன் பேரு வெளிய வரும். சொசைட்டி மூட்டய நிறுத்துவான். அந்தப் பக்கம் டேங்கர்காரன் ஒருத்தன். நீயே சொல்லு, நான் இன்னா பண்றது?"

"அவன் வீட்டுலயும் உங்களுக்கு ஏதாவது செஞ்சிருப்பாங்க."

"எவனோ டேங்கர்காரன். எனக்கு அவன் இன்னா செஞ்சான்?" அவர் எழுந்தார். "சீட்டுல எனக்கு ரெண்டு மூட்ட. மத்த சீட்டெல்லாம் அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சி. கீறத வெச்சிப் பேசு."

ஆட்டோவில் ஏறியதும் சுகிர்தா பர்ஸைத் திறந்து உள்ளே பார்த்தாள். மூடினாள்.

"இன்னா மேடம்?"

"வக்கீல் நம்பர் இருக்கான்னு பாத்தேன்."

"போன் பண்ணுங்களேன்."

"இப்ப வேணாம். காலனிக்கு விடு."

குணா சாவியைத் திருப்பினான். "சொசைட்டிக்குப் போனா மெஷின்ல மொத்த லிஸ்டும் கெடைக்காதா?"

"மனு போடச் சொல்லுவாங்க. முப்பது நாள் ஆகும். கோர்ட் நாளைக்கு."

"அப்போ நம்ம கையில இன்னா கீது? ஒரு விரால். ஒரு பச்சை வல. கொஞ்சம் புல்லு. ஜட்ஜு கேட்டா இத்தயெல்லாம் கூடையில வெச்சிக் குடுக்கறதா?"

அவள் பர்ஸை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

காலனியில் பகல் நேரத்தில் ஆண்கள் இல்லை. கம்பெனி பஸ்கள் வாரிக்கொண்டு போயிருந்தன. தெருவின் கோடியில் சின்ன ஜெபக்கூடம். அதற்கு நான்கு வீடு தள்ளி ஏஞ்சலின் வீடு. கம்பெனியின் பேக்கிங் பிரிவில் அவள் மூன்று நாள் லீவு சொல்லியிருந்தாள். நான்காவது நாள் கிடைக்காது.

"வாங்கக்கா. அத்த வேலைக்குப் போயிருக்கு. டீ போடவா?"

அத்தை என்றால் சாம்சனின் அம்மா ஞானம்மா.

"டீ வேணாம். உக்காரு ஏஞ்சலின்." சுகிர்தா பர்ஸிலிருந்து சீட்டை எடுத்தாள். வக்கீல் நம்பர் மேலே தெரிய பாயில் வைத்தாள். "இது ஏது?"

"வக்கீல் நம்பருக்கா. நான்தான் எழுதினேன். கையில வேற தாளு இல்ல, டப்பால கெடந்துச்சி."

"டப்பாவுக்கு எப்படி வந்துது?"

"தெர்லியேக்கா."

சுகிர்தா சீட்டைத் திருப்பினாள்.

அதே வழவழப்பு. எழுத்து பாதி வெளுத்திருந்தது. பெயர், ஏஞ்சலின். யூரியா ஒரு மூட்டை. டி.ஏ.பி. ஒரு மூட்டை. ஜூன் நான்கு, வியாழக்கிழமை.

குணா குனிந்து படித்தான்.

ஏஞ்சலின் நிதானமாகப் படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள்.

"இது பிரியாணி அன்னிக்குக் குடுத்தது," என்றாள். "பச்சையப்பன் ட்ராக்டர் வந்துச்சி. எங்க தெரு மொத்தமும் ஏறிச்சி. மெஷின்ல வெரல வெய்யி, பொட்டலத்த வாங்குன்னாங்க. இன்னா மூட்டன்னு கூட நாங்க பாக்கல. எனக்குத்தான் வெரல் சரியா வுழல. ஆறு தடவ தொடச்சி வெச்சாங்க. அதுக்குள்ள சீட்டெல்லாம் வாங்கி வெச்சிக்கற அவங்க ஆளு அடுத்த ட்ரிப்புக்குப் போய்ட்டாரு. சீட்ட என் கையிலயே குடுத்துட்டாங்க."

"அந்த உரந்தான் மழையில ஏரிக்குப் போச்சு. அதுலதான் பாசி வந்துது. மீன் செத்தது அதனால."

ஏஞ்சலின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு அவருக்கு லீவு," என்றாள். "அவரும் வந்தாரு. அவரும் வெச்சாரு."

"சாம்சனா?"

"ஆமாக்கா. அவரு வெரலு ஒரே தடவையில வுழுந்துச்சி."

சுகிர்தா இதை எதிர்பார்க்கவில்லை. ஏரிக்கு என்ன செய்தான் என்று போலீஸ் மூன்று நாளாக அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவனுக்கே தெரியாத ஒன்றை.

"பிரியாணில முட்ட கூட இருந்துச்சி," என்றாள் ஏஞ்சலின். யாரிடமும் சொன்னது போல் இல்லை.

வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இத்த காட்னா வுடுவாங்களா?"

"உறுதி சொல்ல முடியாது. விடறதுக்கு வாய்ப்பு இருக்கு. மீன்காரம்மா வந்து வலையைப் பத்திச் சொல்லுவாங்க. எட்டு ஏக்கருக்கு எங்கிருந்து அத்தனை மூட்டை வந்துதுன்னு காட்ட ஒரு தாள் வேணும். இருக்கறது இது ஒண்ணுதான்."

"என்ன புடிப்பாங்களா?"

"கேள்வி கேப்பாங்க. நிலம் இல்லாம எதுக்கு உரம் வாங்கினேன்னு. உன்னை மட்டும் இல்ல. ஒரு சீட்டு வெளிய வந்தா மெஷினைத் திறப்பாங்க. உங்க தெரு மொத்தமும் அதுல இருக்கும்."

"எங்க அத்த இப்ப எங்க கீது தெரியுமாக்கா? பச்சையப்பன் வயல்ல. கள எடுக்குது."

சுகிர்தா தலையசைத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. வந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

"நீங்க இன்னா சொல்றீங்க?"

"நான் சொல்ல ஒண்ணும் இல்ல. சீட்டு உன்னுது. ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்க. இது சூட்டுல அச்சாகற தாள். வெயில்லயும் பர்ஸுலயும் பாதி போயிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போனா வக்கீல் நம்பர் மட்டுந்தான் இருக்கும்."

ஏஞ்சலின் எழுந்து முகம் கழுவினாள். துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கதவைப் பூட்டினாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். குணா புதுவாயலுக்கு விட்டான்.

ஜெராக்ஸ் கடைக்காரன் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ரொம்ப மங்கிப்போச்சே. டார்க் வெச்சி எடுத்துப் பாக்கறேன். எந்தப் பக்கம்மா?"

"ரெண்டு பக்கமும்."

மெஷினின் வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது. முதல் தாள் வெளியே விழுந்தது.

"எத்தினி காப்பி?"

"வக்கீலுக்கு ஒண்ணு," என்றாள் சுகிர்தா.

"முப்பத்தேழு," என்றாள் ஏஞ்சலின்.

கடைக்காரன் நிமிர்ந்தான். சுகிர்தா திரும்பிப் பார்த்தாள்.

"எங்க தெருவுல முப்பத்தாறு ஊடுக்கா. ராவுல எல்லாரும் வேலவுட்டு வந்துருவாங்க. ஊட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டு, இன்னா பண்ணினோம்னு சொல்லிட்டுத்தான் காத்தால கோர்ட்டுக்கு வருவேன். திட்டறவங்க இன்னிக்கே திட்டிக்கட்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மொத காப்பிய எங்க அத்தைக்குக் குடுக்கணும்."

கடைக்காரன் எண்ணை அழுத்தினான். மெஷின் ஓடியது. சுகிர்தா அசல் சீட்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கடை வெளிச்சத்தில் அது இன்னும் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தது. பெயர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

தட்டில் விழுந்த தாள்கள் ஒவ்வொன்றிலும் ஏஞ்சலின் என்று கறுப்பாக, தெளிவாக இருந்தது.